எந்த ‘அவர்’ மச்சான்?

டேய் மாஸ்டர்,

உன்ர வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டன், அம்மாவின்ர முழங்கால் சுகம் எண்டது சந்தோசம், கட்டையன்ர கலியாணக் கதையை நான் நம்பேல்லை, நீயும் நம்பாத. இப்ப என்ர கதையைக் கேள், தமிழ் படிப்பிக்கிறவனுக்குத்தான் இது உறைக்கும்.

விசுவமடுப் பக்கத்தால ஒரு அம்மா எங்கட லோயர் ஒஃபிசுக்கு வந்தவ. உறுதிக்காணிப் பிரச்சினை (அரசாங்கம் குடுத்த பெர்மிட் காணியெண்டால் கதையே வேற). கையில ஆரோ எழுதிக்குடுத்த சத்தியக்கடதாசி, அதான் அஃபிடவிட். ஒண்டரைப் பக்கம், முற்றுப்புள்ளி கடைசியில மட்டும். மேற்சொன்ன காணியானது மேற்சொன்ன நபரால் என்றும் எனவும் ஆகையினால் எண்டு இழுபட்டுக்கொண்டு போகுது, நடுவில “அவர் அவரது அனுமதியுடன் அவரது காணியில் குடியிருந்து வந்தார்”. எந்த அவர் மச்சான்? அம்மாவின்ர மனிசனோ, மனிசன்ர தம்பியோ?

உன்ர பேப்பரில எண்டால் ரெண்டு மாக்ஸ் போகும், இஞ்ச காணியே போகும். 1871 பிரெஸ்கிரிப்ஷன் சட்டப்படி உரிமைக்காரனுக்கு எதிரா 10 வருசம் ஆண்டு அனுபவிச்சவன் காணியைக் கேக்கலாம், ஆனா உரிமைக்காரன் இருக்கவிட்டு இருந்தவன் அப்பிடிச் சும்மா கேக்கேலாது. அப்ப ஆர் ஆரை இருக்கவிட்டது எண்டதுதானே முழு வழக்கும்!

அம்மாக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அப்பிடியான ஆக்களுக்கு வாசிச்சு விளங்கப்படுத்தினது எண்டு சமாதான நீதவான் அடியில போடோணும். இதில என்னம்மா கிடக்கு எண்டு கேட்டன். “நல்ல பெரிய தமிழ் தம்பி” எண்டுறா. சிரிப்பும் வந்தது, வயிறும் பத்திச்சுது.

சீனியரிட்டச் சொன்னா, கோர்ட்டுக்கு இப்பிடித்தான் எழுதோணும் எண்டுறார். ஆர் சொன்னது? 1889 சிவில் நடவடிக்கைமுறைக் கோவையின்ர 40ம் பிரிவு, வழக்குப் போடுற பிளெயின்ட்டைத் தெளிவா, சுருக்கமா, இலக்கம்போட்ட பந்தியளில எழுது எண்டெல்லோ சொல்லுது. 181ம் பிரிவு, சத்தியக்கடதாசியில பொதுவா தனக்கு நேர தெரிஞ்சதை, கண்டதைத்தான் சொல்லலாம் எண்டுது. அந்தக் கடதாசியில “வேலி பிடுங்கப்பட்டது” எண்டு கிடக்கு. ஆர் பிடுங்கினது எண்டு கேட்டா அம்மா பேரோட சொல்லுறா, நேர பார்த்திருக்கிறா, எழுதினவர்தான் ஆளை விழுங்கிப்போட்டார்.

பந்திக்கு ஒரு விசயமா திருப்பி எழுதியிருக்கிறன், ‘அவர்’ வாற இடமெல்லாம் பேரே போட்டன், வாசிக்க அலுப்புத்தான், அலுக்கட்டும். எல்லை விபரத்தில மட்டும் கை வைக்கேல்லை, உறுதியில கிடந்தபடியே விட்டிட்டன்.

பழசு, புதுசு ரெண்டையும் வாட்ஸ்அப்பில போடுறன், பேரையும் இடத்தையும் மறைச்சு. வெட்டுறதை வெட்டு. வாற மாசம் ஒரு சனிக்கிழமை வவுனியாவில இருந்து பஸ் ஏறி வா, ஜூனியர் பொடியளுக்கு எழுவாய் பயனிலை படிப்பிக்கோணும். சம்பளம் இல்லை, இரணைமடு மீன் இருக்கு.