ரிவ்கின் என்ற பெயர்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. வீட்டில் மறுபடி சத்தமும் சிரிப்பும்தான்.

சரி, உன் மருமகனின் மேலதிகாரி பெயரைப் பற்றிக் கேட்டிருந்தாயே. ரிவ்கின் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் குடும்பப் பெயர். பார்த்தால் ரஷ்யப் பெயர் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது ஒரு பெண். நம் பைபிளில் வரும் ரெபெக்காள், அந்த யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் ரிவ்கே. அதோடு 'உடைய' என்று பொருள் தரும் 'இன்' என்ற, ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகளின் விகுதி சேர்ந்தால் ரிவ்கின், அதாவது ரிவ்கே வீட்டார். சோர்கின் சாராளிடமிருந்தும், டுவோர்கின் தெபொராளிடமிருந்தும் இப்படித்தான் வந்தன.

அந்த யூதர்களில் பெரும்பாலானோருக்கு வெகுகாலம் குடும்பப் பெயரே கிடையாது. நம் இனிஷியல் போல, இன்னாருடைய மகன் இன்னார் என்பதோடு சரி. 1804-இல் ரஷ்யப் பேரரசு சட்டம் போட்டு, தலைமுறைக்கும் மாறாத பெயர் ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஊர், தொழில், அப்பா பெயர் என்று எதை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஆனால் இன்றைய பெலாரூஸின் கிழக்கே, மொகிலியோவ் வட்டாரத்தில், ஏராளமான குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரே நிலைத்தது. எனக்கு இது எவ்வளவு பிடித்திருக்கிறது தெரியுமா! அரசிகளோ சீமாட்டிகளோ இல்லை, செல்வி. ஊருக்குள் மட்டும் தெரிந்த சாதாரணப் பெண்கள்.

சட்டம் வருவதற்கு வெகு முன்பே இந்த வழக்கம் இருந்திருக்கிறது. யூதர்களின் சமயச் சட்ட நூலான தால்முத்துக்கு உரை எழுதிய பெரியவர்களில் ஒருவர் சாமுவேல் எடெல்ஸ், 1631-இல் காலமானவர். போலந்தின் போஸ்னான் நகரத்தில் அவர் நடத்திய பாடசாலைக்குச் சுமார் 20 ஆண்டுகள் செலவு செய்தவர் அவருடைய மாமியார். அந்த அம்மாளின் பெயர் எடெல். பெயரோடு ஒட்டியிருக்கிற 'ஸ்', இத்திஷில் நம் 'உடைய' மாதிரி. அவருடைய உரையைப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் மாமியார் பெயரைச் சேர்த்துத்தான் அவரைச் சொல்கிறார்கள். அந்த நன்றியை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

மாப்பிள்ளையிடம் சொல், சந்தர்ப்பம் வாய்த்தால் அந்த மேலதிகாரியின் முன்னோர் மொகிலியோவ் பக்கமா என்று கேட்டுப் பார்க்கட்டும். பதில் வந்ததும் எனக்கு உடனே எழுது.

அன்புடன்,
கமலா