சாட்சி சொல்ல வரவில்லை, டீச்சர்

அன்புள்ள டீச்சருக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் பிறந்தநாள் ஸ்தோத்திரக் கூட்டத்தில் உங்களால் எனக்குக் கிடைத்த நன்மையை எல்லார் முன்னாலும் எடுத்துச் சொல்லி, நான் சாட்சி சொல்ல வேண்டுமென்று உங்கள் மகன் போன் செய்தார். கூட்டத்துக்குக் கட்டாயம் வருவேன். ஆனால் மைக் முன்னால் நிற்க மாட்டேன். ரொம்ப யோசித்து எடுத்த முடிவு இது.

நம் சபைக்காரர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் ஊர்ப் பெயர் வேண்டாம். அப்போது எங்கள் வீடு இருந்த நிலைமை உங்களுக்குத் தெரியும், அது போதும்.

சபையார் கொண்டுவரும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவோமே, அந்த அறுப்பின் பண்டிகை ஏலம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. பந்தலில் வாழைத்தார், கருப்பட்டி, கால் கட்டிய சேவல் என்று குவிந்து கிடந்தன. அம்மா கொண்டுவந்தது வாழைநாரால் கட்டிய ஒரு கட்டு முருங்கைக்காய். ஏலம் விட்ட அண்ணாச்சி அதைத் தூக்கிப் பிடித்து "பத்து ரூபாய்" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து உங்கள் குரல்: "நூறு!" எதிர்த்துக் கேட்க ஆளே இல்லாதபோது நீங்களே மறுபடி "நூற்றைம்பது" என்றீர்கள். பந்தலே சிரித்தது, அம்மாவும்தான். பாதிக் காயை அம்மா கையிலேயே கொடுத்து, "குழம்பு வச்சா எனக்கு ஒரு தூக்குல குடுத்து விடு" என்றீர்கள். அம்மாவிடம் யாரும் எதையும் கேட்டு வாங்காத காலம் அது. நீங்கள் கேட்டீர்கள். அன்று அம்மா வீடு வரை பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள்.

அப்படிப்பட்டவர் என் காலேஜ் பீஸ் கட்டியதைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஏன் சொன்னீர்கள்? என் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் காதுபட ஏன் சொன்னீர்கள்? மற்றவர்களும் உதவட்டும் என்ற நல்லெண்ணம்தான் என்பீர்கள். இருக்கலாம். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்று எங்களை மனப்பாடம் செய்ய வைத்ததும் நீங்கள்தான்.

அதற்கப்புறம் உங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டேன். நன்றி கெட்டவள் என்று பேசிக்கொண்டார்கள். இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வராத ஒன்பது பேரோடு நீங்களும் என்னைச் சேர்த்திருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எதையும் மறக்கவில்லை. உங்கள் வாசற்படி ஏறினாலே கை நீட்டி நிற்கிற சிறுமியாகிவிடுகிறேன், அது தாங்கவில்லை.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாம் வார்த்தையைப் பேசும்போது நீங்கள் அழுதது நினைவிருக்கிறதா? "ஸ்திரீயே, அதோ, உன் மகன்." ஆணியில் தொங்குகிறவர், இனி அம்மாவுக்கு யார் சோறு போடுவார் என்று யோசித்தாரே என்றீர்கள். இன்றுவரை எனக்குச் சிலுவை என்றால் அதுதான். அத்தனை வேதனையிலும் பக்கத்தில் நிற்பவளின் பிழைப்பை நினைத்தவர். எனக்காக உயிரையே கொடுத்தவர், அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. எபேசியர் 2:8 அந்த இரட்சிப்பை தேவனுடைய ஈவு என்கிறது. அவருக்கு நன்றி சொல்லும்போது எனக்கு அழுகை வருகிறது, கூச்சம் வருவதில்லை. உங்களுக்கும் அப்படி நன்றி சொல்லத்தான் ஆசை, டீச்சர். அந்த ஏலப் பந்தலில் இருந்த உங்களுக்கு அப்படித்தான் சொல்கிறேன்.

கண் ஆபரேஷனுக்கு அப்புறம் வேதம் வாசிக்கச் சிரமப்படுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கூட்டம் முடிந்து எல்லாரும் போனதும் வீட்டுக்கு வருகிறேன். அந்த மூன்றாம் வார்த்தை வருகிற யோவான் 19 நான் வாசிக்கிறேன். மைக்கை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி மகனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சண்டே ஸ்கூல் பிள்ளை