கோப்பி மெசினுக்குள் சேரும் சுண்ணாம்பு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

போன கிழமை மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிற எங்கள் திருத்தும் கடைக்கு ஒரு வீட்டு எஸ்பிரெசோ மெசின் வந்தது. "பம்ப் போயிற்று, புதுசு போடுங்கள்" என்று தந்துவிட்டுப் போனார்கள். பம்பில் ஒரு பழுதும் இல்லை. போயிலரைக் கழற்றிக் கவிழ்த்தால், நொறுங்கிய முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் செதில்கள் ஒரு கைப்பிடி விழுந்தன. நீராவிக் குழாயின் நுனியில் குண்டூசிகூடப் போகவில்லை. பம்ப் பாவம், அடைப்போடு மல்லுக்கட்டித்தான் அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறது.

முட்டை ஓடு மாதிரி என்று சும்மா சொல்லவில்லை. இரண்டும் கல்சியம் காபனேற்றுதான். தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு, சூடு பட்டதும் பிரிந்து கல்லாக ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள்; அங்கே வெள்ளை படிந்திருந்தால் மெசினுக்குள்ளும் அதே கதைதான். அப்படிப்பட்ட வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கழுவுங்கள். உன்னிச்சைக் குளத்துப் பைப் தண்ணீர் பாவிப்பவர்களுக்குப் பெரும்பாலும் அவ்வளவு அவசரம் இல்லை.

கழுவும் விதம் இதுதான். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 25 கிராம் சிட்ரிக் அமிலத்தை, அதாவது இரண்டு மட்டமான மேசைக்கரண்டி, வெளியே ஒரு பாத்திரத்தில் நன்றாகக் கரைத்துவிட்டு மெசினின் தொட்டியில் ஊற்றுங்கள். சிட்ரிக் அமிலத்தைக் கேக் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். தொட்டிக்குள் பில்டர் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். கோப்பி வருகிற வழியால் கால் கோப்பை, நீராவிக் குழாயால் கால் கோப்பை விட்டுவிட்டு, மெசினை நிறுத்திப் பதினைந்து நிமிடம் விடுங்கள். தொட்டி காலியாகும்வரை இப்படியே. பம்பை ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட விடாதீர்கள், சூடாகிவிடும். அப்புறம் இரண்டு தொட்டி நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் புளிக்கக் கூடாது.

இராத்திரி முழுக்க ஊற விட்டால் இன்னும் சுத்தமாகும் என்று நினைக்க வேண்டாம். பல வீட்டு மெசின்களில் சூடாக்கும் பகுதி அலுமினியம். அமிலம் அதையும் தின்னும். வெளியே வரும் தண்ணீர் நீலப் பச்சையாக இருந்தால் செம்போ பித்தளையோ கரைகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்தி அலசுங்கள். வினாகிரி வேண்டவே வேண்டாம். ரப்பர் வாசரையும் கெடுக்கும், அதன் வாசமும் இலேசில் போகாது. வினாகிரி மணக்கிற கோப்பியை நாங்கள் குடித்துப் பார்த்தே சொல்கிறோம்.

மெசினோடு வந்த கைநூலில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள், எங்களை அல்ல. கோப்பிக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று என்று இரட்டை போயிலர் உள்ள மெசின் சிலவற்றுக்கு வீட்டில் இந்த வேலையே செய்யக் கூடாது என்றிருக்கும்.

இன்னொன்று. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நம் பக்கத்துச் சில கிணறுகள் உவர். உப்பு வேறு, சுண்ணாம்பு வேறு. சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளும், கழுவலாம். உப்பு உலோகத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். அரித்த இடத்தைச் சிட்ரிக் அமிலம் திருப்பித் தராது. வாயில் கரிக்கிற தண்ணீரை மெசினில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

இரண்டு மூன்று வருடமாகக் கழுவாத மெசின் என்றால் வீட்டில் தொடங்க வேண்டாம். பெரிய செதில் பெயர்ந்து வால்வுக்குள் சிக்கினால் வேலை இரட்டிப்பாகும். அப்படியே கொண்டு வாருங்கள். வரும்போது நீங்கள் பாவிக்கிற தண்ணீரிலும் ஒரு போத்தல் கொண்டு வாருங்கள், மெசினைத் திறக்க முன் அதைத்தான் பார்ப்போம்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து உங்கள் மெசின் திருத்துநர்கள்