கம்பனி இணைப்பும் முதலாண்டு இலாபமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிதிக் கம்பனிகளை ஒன்றிணைக்கும் பெருந்திட்டத்தை மத்திய வங்கி 2020 இல் அறிவித்தது. அப்படி இணையும்போது மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள கிளையில் பெயர்ப்பலகை மாறுவதுதான் நம் கண்ணுக்குப் படும். பங்கு வாங்கியவர்களும் வைப்பு வைத்திருப்பவர்களும் பார்க்க வேண்டியது, கையகப்படுத்திய நாளின் கணக்கை.

வாங்கும் கம்பனி 300 மில்லியன் ரூபா கொடுக்கிறது என்று வைப்போம். வாங்கப்படும் கம்பனியின் தேறிய சொத்து (சொத்திலிருந்து பொறுப்புகளைக் கழித்தது), நியாயப் பெறுமதியில், அதாவது அன்றைய சந்தை மதிப்பில், 200 மில்லியன். மிச்சம் 100 மில்லியன் நன்மதிப்பு. தவணை தவறிய உழவு இயந்திர லீசிங் கடன்களை அன்றைக்கு வேண்டுமென்றே 60 மில்லியன் குறைத்து மதித்தால், சொத்து 140 ஆகும், நன்மதிப்பு 160 ஆகும் (வரியை விட்டுவிடுவோம்). அந்த 60, எந்த ஆண்டின் இலாபநட்டக் கணக்கிலும் கடன் நட்டச் செலவாக ஏறாது. பெரும்போக அறுவடை முடிந்து அதே கடன்கள் அறவாகும்போதோ, வருமானமாக வந்து விழும். ஆண்டறிக்கை அதை முகாமையின் திறமை என்று எழுதும்.

இப்படிப் பெருத்த நன்மதிப்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செலவாகக் கழிக்கப்படுவதில்லை. அதன் பெறுமதி குறைந்துவிட்டதா என்று பார்க்கும் பெறுமதி இழப்புச் சோதனை மட்டுமே. அதற்கான வளர்ச்சி வீதத்தையும், எதிர்காலப் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் கழிவு வீதத்தையும் மதிப்பிடுவது முகாமையே. நல்ல இலாபம் தரும் பழைய பிரிவோடு சேர்த்துச் சோதித்தால், வாங்கியதன் நட்டம் அதன் நிழலில் மறைந்துவிடும். எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். மறைக்க முடியாமற்போனால் வெடிக்கும்: பிரித்தானிய மென்பொருள் கம்பனியான ஒட்டோனமியை 2011 இல் ஏறத்தாழ 11 பில்லியன் டொலருக்கு வாங்கிய கணினிக் கம்பனி ஹியூலட் பக்கார்ட், 2012 இல் 8.8 பில்லியனைப் பெறுமதி இழப்பாகப் பதிவழித்தது.

இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 3 இன்படி, வாங்கப்பட்ட கம்பனிக்கு வரவேண்டிய கடன்களின் ஒப்பந்தத் தொகை, நியாயப் பெறுமதி, அறவாகாது எனக் கருதிய தொகை மூன்றும் குறிப்புகளில் இருக்க வேண்டும். வாங்கப்பட்ட கம்பனி அந்த ஆண்டு இலாபத்தில் சேர்த்த பங்கும் அங்கேயே இருக்கும். தற்காலிக மதிப்பீடுகளைத் திருத்த 12 மாதம் வரைதான் அவகாசம். எதைத் திருத்தினார்கள் என்று பாருங்கள்.

பணிப்பாளர் ஒருவருக்கு இரு பக்கமும் நலன் இருந்தால், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 192 ஆம் பிரிவின்படி அவர் அதை வெளிப்படுத்த வேண்டும். முதலாண்டு இலாபத்தை வைத்து ஊக்கக்கொடுப்பனவு பெறுகிறவர்களே மதிப்பீட்டையும் செய்தார்களா என்பதைப் பங்குதாரர்கள் பொதுக்கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேட்கலாம். வாய்மொழிக் கேள்விக்கு நேரம் போதவில்லை என்பதே வழக்கமான பதில்.

கணக்காளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.