செயலி வரட்டும், டிராக் பேண்ட் முதலில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் ஓடுவதையும் தாண்டுவதையும் படம் பிடித்துத் தவறு கண்டுபிடிக்க உதவும் செயற்கை நுண்ணறிவுச் செயலி உடற்கல்வி வகுப்புக்கு வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 14 ஆண்டுகளாக பி.டி. டீச்சராக இருக்கிறேன். போன வருடம் நானே முயன்று பார்த்ததால் எழுதுகிறேன்.

நீளம் தாண்டுதலில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நான்கு மீட்டரைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டாள். "இன்னும் வேகமா ஓடி வா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இலவசச் செயலி ஒன்றை என் போனில் போட்டு, மணல் குழிக்குப் பக்கவாட்டில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்திப் படம் பிடித்தேன். இந்த வகைச் செயலிகள் தோள், இடுப்பு, முழங்கால் என்று உடம்பில் புள்ளி வைத்துக் கோணம் கணக்கிடுகின்றன. கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் 33 புள்ளி வைக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தாண்டுவதற்கு முன் மிதிக்கும் பலகையை மிதித்தாக வேண்டுமே என்று கடைசி அடியை எட்டி வைக்கிறாள். கால் உடம்புக்கு வெகு முன்னால் விழுந்து வேகத்தைக் கொன்றுவிடுகிறது. ஓட்டம் தொடங்கும் இடத்தைப் பலகையை நோக்கி ஒன்றரை அடி முன்னால் தள்ளினோம். இரண்டே வாரத்தில் 4.35 தாண்டினாள்.

படம் பிடித்த அன்று அவள் அண்ணனின் டிராக் பேண்டில் வந்திருந்தாள். மற்ற பெண்கள் சீருடைச் சுடிதாரில்தான் ஓடினார்கள். தொளதொளச் சுடிதார் பேண்டுக்குள் முழங்கால் எங்கே என்று செயலிக்குத் தெரியவில்லை. துப்பட்டா நுனியைக் கை என்று காட்டியது. டிரவுசர் போட்ட பையன்களுக்கு எல்லாம் சரியாக வந்தது.

செனகல் நாட்டில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த மாதிரித் தொழில்நுட்பத்தால் கிராமத்துப் பிள்ளைகளிடம் திறமையைத் தேடியது. இங்கேயும் வரட்டும், மனதார வரவேற்கிறேன். ஆனால் செயலி தரும் மதிப்பெண்ணை வைத்து அணி தேர்ந்தெடுத்தால், எங்கள் பெண் பிள்ளைகள் உடுப்பாலேயே தோற்றுப்போவார்கள்.

இன்னொன்று. "டீச்சர், இந்த வீடியோ எங்க போகும்?" என்று ஒரு தாய் கேட்டார். 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இணையம் இல்லாமல் போனிலேயே இயங்கும் செயலியாகப் பார்த்து எடுத்தேன், வகுப்பு முடிந்ததும் அழித்தேன். ஆசிரியரின் சொந்த போனை நம்பி இதை நடத்தக் கூடாது. பள்ளிக்கென்று ஒரு கருவி வேண்டும்.

செயலிக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் பெண் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டிராக் பேண்டும் டி-ஷர்ட்டும் கொடுக்கும்படி பள்ளிக்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்