சிவலையின் தாய் எது?

சம்பூர்,
ஆவணி மாதம்.

அன்பு மகனுக்கு,

இங்கே கச்சான் அடித்துப் புல்லெல்லாம் சருகாகிவிட்டது. மாடுகள் விடியவே குளக்கட்டுப் பக்கம் போய்விடுகின்றன. உனக்கு அங்கே நியூசிலாந்தில் கன்று ஈனும் காலம், இரவிலும் எழும்ப வேண்டும், ஆறுதலாகப் பேசுகிறேன் என்று தங்கச்சியின் போனுக்கு எழுதியிருந்தாய். சரி மகன். போன வருடமும் இதே மாதம்தான் கன்றுகள் ஈன்றன. அப்போது நீ ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை.

அதைக் கேட்க எழுதவில்லை. சொந்தமாக ஜேர்சி நாகுகள் வாங்கப் போகிறேன் என்றாயே, அதைப் பற்றித்தான். முதலாளியின் மாட்டைக் கறந்தவன் சொந்தப் பட்டி வைக்கப் போகிறான் என்று நான் கோயிலடியில் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் ஜேர்சி வளர்ப்போர் சங்கத்தில் சேரச் சொன்னார்களா என்று கேட்டதற்கு, சந்தாக் காசு வீண் அம்மா, மாட்டை எனக்குப் பார்க்கத் தெரியும் என்றாய். உன் அப்பாவின் வாய் உனக்கு.

அப்பாவுக்கு நீயே சொன்ன கதை நினைவிருக்கிறதா? ஜேர்சித் தீவுக்குள் வெளி மாடு வரக் கூடாது என்று 1789இலேயே சட்டம் போட்டதையும், 1866இல் வம்சப் பதிவேடு தொடங்கியதையும் சொன்னாய். ஒரு சின்னத் தீவு மாடு உலகம் முழுக்கப் போனது அந்தப் பதிவாலும்தானே என்று அப்பா ஒரு கிழமை அதையே பேசிக்கொண்டிருந்தார். சங்கத்தில் பதிந்த நாகுக்குத் தாய், தகப்பன், பாட்டி வரை தெரியும். எந்தக் காளையின் விந்தை எந்த மாட்டுக்கு எடுக்கலாம், எதற்கு எடுக்கக் கூடாது என்று பார்க்கலாம். விற்கப் போனால் வாங்குகிறவன் உன் வாயை நம்ப வேண்டியதில்லை, பதிவைப் பார்ப்பான். கடதாசி பால் தராது, அது எனக்கும் தெரியும். கூட்டம் என்றால் தேத்தண்ணியும் சண்டையும்தான், அதுவும் தெரியும். இருந்தாலும் சேர்.

இங்கே நடந்ததைப் பார். நம்மிடம் நிற்கும் நாம்பன் எதன் கன்று என்று எனக்குத் தெரியவில்லை. தாய்க்கும் தங்கைக்கும் அதுவே ஏறியிருக்க வேண்டும். இந்த வருடம் பிறந்த கன்றுகள் ஆட்டுக்குட்டி மாதிரி நிற்கின்றன. மிருக வைத்தியர், ஊசி போட்டுச் சினைப்படுத்துவோம், ஆனால் எது எதன் மகள் என்று முதலில் சொல்லுங்கள் என்றார். நான் பேசாமல் நின்றேன்.

அப்பா மாட்டுக் கணக்கு எழுதிய சீஆர் கொப்பியைப் பார்த்துச் சொல்லுங்கள் அம்மா என்று நீ சொல்வாய். இரண்டு தரம் கேட்டாய், கொப்பி பத்திரமாக இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். இல்லை மகன்.

2022 டிசம்பர், அந்த மண்டௌஸ் புயல் நேரத்துக் குளிர். வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேல் மாடு செத்ததே, அந்த இரவு. மழையில் விறகெல்லாம் ஊறிப்போய் நெருப்புப் பிடிக்கவில்லை. கன்றுகள் கால் மடக்கி விழத் தொடங்கின. அப்பாவின் கொப்பி பெட்டிக்குள் காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு தாளாகக் கிழித்துத்தான் நெருப்பு மூட்டினேன். எந்த மாடு எப்போது ஈன்றது, எத்தனை போத்தல் கறந்தது, எல்லாம் அவர் கையெழுத்து. இரண்டு கன்று தப்பியது. உனக்கு இரண்டு மாடு செத்தது என்றேன். ஒன்பது.

அப்பா போன பிறகு கால்நடை வளர்ப்போர் சங்கத்துக்கு நான் சந்தா கட்டவில்லை. ஆம்பிளைகள் இருந்து பேசும் இடம், எனக்கென்ன வேலை என்று விட்டேன். அது ஜேர்சிச் சங்கம் மாதிரி ஒரே இன மாட்டுக்கானது இல்லைதான், எல்லா மாட்டுக்காரருக்கும் பொதுவானது. அன்றிரவு சங்கத்துக்காரர் தரப்பாளும் சாக்கும் கொண்டு அங்கத்தவர் பட்டிக்கெல்லாம் போனார்களாம். என் பட்டிக்கு ஒருவரும் வரவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். நான் கூப்பிடவில்லை. பிறகு செத்த மாட்டைப் பதிய வந்தவர்கள் காதுத்தகட்டு இலக்கம் கேட்டார்கள். ஐந்துக்குத் தகடே இல்லை.

முதல் கொப்பி 2006இல் யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடும்போது மாடுகளோடு போனது. 2015இல் திரும்பி வந்து இரண்டு நாகோடு அப்பா மறுபடி எழுதத் தொடங்கினார். அதை நான் எரித்தேன். உன்னுடையது ஒரு வீட்டுப் பெட்டிக்குள் மட்டும் இருக்க வேண்டாம் மகன். சேர்ந்தால் நாலு பேருக்கு உன் பட்டி தெரியும், உன்னையும் தெரியும். காய்ச்சலில் விழுந்தால் கதவைத் தட்ட யாராவது வருவார்கள். வீட்டில் ஆள் இருந்தாலும்தான், இல்லாவிட்டாலும்தான்.

ஓக்லாந்தில் இருக்கும் மாமா மகன் போன மாதம் எடுத்து ஏதோ சொன்னான். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

போன வருடம் பேத்தி பள்ளிக்கூடத்துக் கன்றுக் காட்சியில் கயிறு பிடித்து நடத்திய படம் அனுப்பினாய். சாமிப் படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். இந்த வருடம் அவள் எந்தக் கன்றைக் கொண்டு போகிறாள்? சங்கத்தில் பிள்ளைகளுக்கும் இடமிருக்கும், கேட்டுப் பார். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக என்றாலும் சோறு வை, பாணைக் கடித்துக்கொண்டு படுக்காதே.

நேற்று நூற்றைம்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், பழைய சந்தாவையும் கட்டிவிட்டு வருவேன். நிற்கும் மாடுகளை எழுதத் தொடங்கினேன், சிவலையில் நின்றுவிட்டது. அதன் தாய் வெள்ளச்சியா, கொம்பு முறிந்த மயிலையா? நீங்கள் எல்லாரும் கடைசியாக வந்தபோது அது கன்று. பேத்திதான் அதற்குப் புல் ஊட்டினாள், அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் கேட்டு, எடுத்துச் சொல். எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் முழித்துத்தான் இருப்பேன்.

அம்மா