28 என்று கணக்குப் போட்டவர்களுக்கு

மதிப்பிற்குரிய கல்வித்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் தொடக்கப் பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர் வேண்டுமென்று நாங்கள் கொடுத்த மனுவுக்கு உங்கள் பதில் கிடைத்தது. 56 மாணவர், 2 ஆசிரியர், ஆசிரியருக்கு 28 பேர் என்ற விகிதம், ஆகவே கூடுதல் பணியிடம் இல்லை. வகுத்தல் சரிதான். எங்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள் என்று எழுத வந்தேன். போடமாட்டார்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

அந்த 56 பேரும் ஐந்து வகுப்புகளில் இருக்கிறார்கள். இரண்டு ஆசிரியரில் ஒருவர் தலைமையாசிரியர். கூட்டம், பதிவேடு, நீங்கள் கேட்கும் புள்ளிவிவரம் என்று அவருக்குப் பாதி நாள் போய்விடுகிறது. போன செவ்வாய்க்கிழமை மகளை அழைத்துவரப் போனவன் ஜன்னலோரம் நின்றேன். ஒரே கரும்பலகை, நடுவில் சாக்பீஸ் கோடு. இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்புக்கு 'அ, ஆ'. அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு. மற்ற மூன்று வகுப்புக்கும் பலகையில் இடமில்லை. "புத்தகத்தைப் பார்த்து எழுதுங்க" என்று உட்காரவைத்திருந்தார் டீச்சர். அவர் குரல் கம்மிப்போயிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் மகள் அதே பாடத்தை மூன்றாம் முறையாக எழுதிக்கொண்டிருந்தாள். நோட்டைப் புரட்டினேன். அந்த வாரம் முழுக்க ஒரு சிவப்பு மைக் கோடுகூட இல்லை.

தலையை எண்ணாதீர்கள், வகுப்பை எண்ணுங்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்.

உயர்நிலைப் பள்ளியிலும் இதே கூத்துதான். மொத்த விகிதம் அழகாக இருக்கும், கணக்குக்கு ஆள் இருக்காது. வரலாற்றுக்கு இரண்டு பேர் இருந்தால் இயற்பியல் நடந்துவிடுமா? நீண்ட விடுப்பில் போனவரும் மாற்றுப்பணிக்குப் போனவரும் உங்கள் பட்டியலில் மட்டும் தினமும் பாடம் எடுக்கிறார்கள்.

1985-இல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 13 முதல் 17 பிள்ளைகள் இருந்த வகுப்புகள், 22 முதல் 25 பேர் இருந்தவற்றைவிட வாசிப்பிலும் கணக்கிலும் முந்தின. அங்கே எல்லாரும் ஒரே வகுப்புப் பிள்ளைகள், ஐயா. நீங்கள் ஆய்வெல்லாம் நடத்த வேண்டாம், ஒருநாள் வந்து பாடம் எடுங்கள். அன்றைக்கு மட்டுமாவது விகிதம் 19-க்கு இறங்கும்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: வகுப்புக்கு ஓர் ஆசிரியர். ஒரேயடியாக முடியாதென்றால் இந்தப் பருவத்தில் ஒருவரையாவது அனுப்புங்கள். அந்தக் கோப்பை மறுபடி எடுத்து, 56-க்குப் பக்கத்தில் 5 வகுப்பு என்றும் தயவுசெய்து எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா